மலையகத்துல காருக்கு வெக்ஸா, சீலன்டா, செராமிக்கா? தெரிவு செய்றதுல இருந்து பூசி முடிக்கிற வரைக்கும்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கார வெளிய நிப்பாட்டுறவங்களுக்கு இத விளக்கிச் சொல்லத் தேவையில்ல. ராத்திரி ஒரு சொட்டு மழ பெய்யாட்டியும் காலையில வந்து பாத்தா பொனட், கூரை எல்லாம் தண்ணி ஓடும், எட்டு ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளுன்னு அடிச்சா அந்தத் தண்ணி பெயின்ட் மேலயே காஞ்சு வட்டம் வட்டமா கறை நிக்கும், பின்னேரம் மூட்டம் எறங்குனா திரும்ப முழுசா நனைஞ்சிரும், இதுக்கு நடுவுல தோட்டத்து ரோட்டுச் சேறு வேற. குளிருதேன்னு வெயில லேசா எடுத்துடாதீங்க. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற ஏற புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், நுவரெலியா 1868 மீட்டர்ல இருக்கு, அப்ப கணக்கு பாருங்க. கூரைப் பக்கம் பெயின்ட் வெளுத்துப்போன பழைய வேன்கள நம்ம டவுன் ஸ்டேன்ட்ல எத்தன பாத்திருப்போம்.

2020 மார்ச்ல வாகன இறக்குமதி நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்ப திறந்தாங்க, அந்த அஞ்சு வருஷத்துல கையில இருந்த கார்தான் கார்னு ஆகிப்போச்சு, லீசிங் கட்டிக்கிட்டே அதே ஆல்ட்டோவ அதே வேகன் ஆர ஓட்டுற ஆளுங்க நிறைய. அதனால மேல ஒரு பூச்சு பூசி பெயின்ட்ட காப்பாத்துறத நான் அழகு விஷயமா பாக்கல.

யூடியூப்ல போய் பாத்தா "எதுல பளபளப்பு கூட" அப்படின்னுதான் கதைக்கிறாங்க. நமக்கு முதல் கேள்வி அது இல்ல. பூசி முடிச்சதுக்கு அப்புறம் உங்க கார் எத்தன மணித்தியாலம் நனையாம நிக்க முடியும், அதுதான் கேள்வி. இதுக்கு பதில் தெரிஞ்சா எத வாங்குறதுன்னு பாதி முடிவாகிரும்.

முதல்ல கடையில இருக்கிற டின்கள புரிஞ்சுக்கோங்க

வெக்ஸ்ன்னா பெரும்பாலும் கார்னௌபா. பிரேசில் நாட்டு வடகிழக்குல வளர்ற ஒரு வகை பனையோட ஓலையில இருந்து எடுக்கிற மெழுகு, காஞ்ச பூமியில அந்த மரம் தன்னோட தண்ணி வெளிய போகாம இருக்க ஓலையில பூசிக்கிறது அது. உருகுற வெப்பம் 82ல இருந்து 86 பாகை செல்சியஸ், ஆனா டின்ல வர்றது சுத்த கார்னௌபா இல்ல, மத்த மெழுகு, எண்ணெய், கரைப்பான் எல்லாம் கலந்துதான் இருக்கும். கறுப்பு, மெரூன், கடும் நீலம் மாதிரி கலருக்கு இது குடுக்கிற ஆழம் வேற எதுலயும் வராது, அத நான் மறுக்கல. ஆனா நம்ம மழைக்கு வெளிய நிக்கிற கார்ல நாலுல இருந்து எட்டு வாரம், அவ்வளவுதான் தாங்கும்.

சீலன்ட் மனுசன் செஞ்ச பொலிமர். பெயின்ட்ட பிடிச்சுக்கிட்டு ஒரு மெல்லிய படலமா இறுகும், நாலுல இருந்து ஆறு மாசம் நிக்கும். பளபளப்பு கொஞ்சம் கண்ணாடி மாதிரி, வெள்ளை, சில்வர் காருக்கு இதுதான் இன்னும் எடுப்பா இருக்கும்னு நான் சொல்லுவேன். ஒரே பிரச்சினை, இறுகுறதுக்கு நேரம் வேணும், 12 மணித்தியாலமாவது தண்ணி படக்கூடாது, 24ன்னா இன்னும் நல்லது.

செராமிக்ன்னு சின்ன போத்தல்ல வர்றது சிலிக்கா சம்பந்தப்பட்ட திரவம், காஞ்சா கடினமா ஒட்டிக்கும், ஒன்னுல இருந்து மூணு வருஷம் வரைக்கும் போகும். கல்லு பட்டா ஒன்னும் ஆகாதுன்னு சொல்லி விக்கிறாங்க, அத நம்பாதீங்க, தலைமயிர விட பல மடங்கு மெல்லிய படலம் அது, கிரவல் ரோட்ல முன்னுக்குப் போற லொறி தெறிக்க விடுற கல்ல அதால தடுக்க முடியாது.

இது போக கிளீனர் வெக்ஸ்ன்னு ஒன்னு இருக்கு, அதுக்குள்ள நைசான தேய்ப்புப் பொடி இருக்கும். மங்கிப்போன பழைய பெயின்ட்டுக்கு வருஷத்துக்கு ஒருக்கா சரி, மாசா மாசம் பாவிச்சா பெயின்ட்ட நீங்களே தேச்சு எடுக்கிறீங்க. டேஷ்போர்டுக்கு அடிக்கிற சிலிக்கன் ஸ்ப்ரேய கார் உடம்புக்கும் அடிக்கிற பழக்கத்த விட்டுருங்க, ரெண்டு நாள் மினுங்கும், அப்புறம் தூசி எல்லாத்தையும் இழுத்து வெச்சுக்கும்.

கார் எங்க தூங்குது?

ரோட்டோரமா, லயத்துப் பக்கம், வாசல்ல, அதாவது முழுசா வெளியன்னா சீலன்ட்தான், அதுவும் பேஸ்ட் சீலன்ட். நான் ரெண்டு வருஷமா பாவிக்கிறது சொஃப்ட்99 ஃபுசோ கோட், ஜப்பான் சாமான், 200 கிராம் டின், கரைப்பான் மணம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். டின்ல 12 மாசம்னு போட்டிருக்கு, வெளிய நிக்கிற நம்ம ஊர் காருக்கு நான் அஞ்சாறு மாசம்னு கணக்கு வெச்சுக்கிறேன், அதுவே பெரிய விஷயம். கொலினைட் 845ம் நல்லது, அது கார்னௌபாவும் செயற்கை சாமானும் கலந்த திரவ வெக்ஸ், குளிர்ல போத்தலுக்குள்ள கட்டியாகிரும், சுடுதண்ணி வாளியில பத்து நிமிஷம் வெச்சு நல்லா குலுக்கிட்டுப் பாவிக்கணும், கட்டியானத பாத்து பழுதாகிட்டுன்னு வீசிடாதீங்க.

தகரக் கொட்டகைக்குள்ள நிக்குதுன்னா அதையும் முழு பாதுகாப்புன்னு நினைக்க வேணாம். விடியக்காலையில தகரத்தோட அடிப்பக்கம் பனி கோத்து சொட்டு சொட்டா கார் மேலதான் விழும், கூரையில வரிசையா புள்ளி புள்ளியா கறை விழுந்திருந்தா காரணம் அதுதான். இங்கயும் சீலன்ட்டே சரி.

நாலு பக்கமும் அடைச்ச கராஜ் இருக்கிறவங்க எத வேணும்னாலும் யோசிக்கலாம், செராமிக் உட்பட. கராஜ் இல்லாம செராமிக் போடுறத நான் ஊக்கப்படுத்த மாட்டேன், ஏன்னா முதல் நாள் முழுக்க ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது, ஒரு வாரத்துக்குக் கழுவவும் கூடாது, காத்துல ஈரம் கூடுனா இறுகுறதும் ஒழுங்கா நடக்காது. அது போக தினமும் பனியில நனைஞ்சு வெயில்ல காயுற கார்ல செராமிக் மேல தண்ணிக்கறை பிடிச்சா போக்குறது கஷ்டம், சீலன்ட்டுன்னா கழுவி இன்னொருக்கா பூசிட்டுப் போயிரலாம்.

நாலாவதா ஒரு கூட்டம் இருக்கு, ஹயர் ஓட்டுற அண்ணன்மார், வண்டிய ஒரு நாள் கூட நிப்பாட்ட முடியாதவங்க. அவங்களுக்கு ஈரமா இருக்கும்போதே ஸ்ப்ரே அடிச்சு உடனே பைப் தண்ணியால கழுவி விடுற சீலன்ட் இருக்கு. காயணும்கிற கவலையே இல்ல. ரெண்டு மாசம் மட்டும்தான் தாங்கும், ஆனா ஜூலை மாசத்து வட்டவளை மழையிலயும் போடலாம்கிறது சின்ன விஷயமா? அடிச்ச உடனே வேகமான தண்ணியால கழுவணும், விட்டு வெச்சா கோடு கோடா பிடிச்சுக்கும், ஒரு கதவு அடிச்சு ஒரு கதவு கழுவுன்னு போங்க.

எந்த மாசம்?

மேற்குப் பக்கம், அதாவது அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா, இங்க மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவக்காத்து போட்டு வாங்கும். அதனால முக்கியமான பூச்ச ஜனவரி கடைசியில இருந்து மார்ச்சுக்குள்ள முடிச்சிரணும். ஏப்ரல்ல பகல் வெயிலா இருந்தாலும் பின்னேரத்துல இடியோட மழ வரும், நுவரெலியா சீசன் கூட்டமும் இருக்கும், நேரம் கிடைக்காது. ஜனவரி பெப்ரவரியில நுவரெலியாவுல புல்லு மேல வெள்ளையா பனி உறைஞ்சு கிடக்கிற காலையில வெக்ஸ் டின்ன தொறக்காதீங்க, தகடு அவ்வளவு குளிரா இருந்தா பூசுனது காயவே காயாது, அப்பி அப்பி நிக்கும்.

ஊவாப் பக்கம் தலகீழ். பண்டாரவளையில இருக்கிற என் மச்சான் ஜூலையில போன் பண்ணி "என்ன மச்சான், வெக்ஸ் போட்டாச்சா"ன்னு கேப்பான், எனக்கு இங்க மூணு நாளா சூரியனே தெரியாது. அங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கச்சான் காத்து அடிச்சு காஞ்சு கிடக்கும், அக்டோபருக்கு அப்புறம்தான் மழ. அவங்க ஆகஸ்ட் செப்டம்பர்ல பூசுறது சரி, காத்துல புழுதி பறக்கும்கிறதால காலையில காத்து எழும்ப முன்னுக்கு வேலைய முடிச்சிரணும்.

கழுவுறது

இதுல அவசரப்பட்டா மத்ததெல்லாம் வீண். தோட்டத்து ரோட்டுச் சேத்துல மணல், குறுங்கல் எல்லாம் இருக்கும், காஞ்ச சேத்து மேல துணிய வெச்சீங்கன்னா உப்புத்தாள் போட்ட மாதிரிதான். முதல்ல வெறும் தண்ணி, நிறைய தண்ணி, சக்கரம், மட்கார்ட் உள்பக்கம், கதவு கீழ்விளிம்பு எல்லாம் ஊற விட்டு அடிங்க. அப்புறம் ரெண்டு வாளி, ஒன்னுல ஷாம்பு தண்ணி, இன்னொன்னுல சும்மா தண்ணி, ஒவ்வொரு தடவையும் துணிய சும்மா தண்ணியில அலசிட்டுத்தான் ஷாம்புல முக்கணும், மேல இருந்து கீழ வரணும். உடுப்புக் கழுவுற பவுடர், சவுக்காரம், பாத்திரம் கழுவுற திரவம் இதெல்லாம் தினக் கழுவலுக்கு வேணாம், பூசி வெச்ச வெக்ஸ அரிச்சிரும். பழைய வெக்ஸ முழுசா எடுத்துட்டுப் புதுசா போடப் போற அன்னைக்கு மட்டும் பாத்திரம் கழுவுற திரவத்த ஒருக்கா பாவிக்கலாம்.

சேர்விஸ் ஸ்டேஷன்ல விடுறீங்கன்னா பக்கத்துல நில்லுங்க. அடிப்பக்கத்துக்குப் பாவிக்கிற கிரீஸ் போக்குற ரசாயனத்த உடம்புக்கும் அடிச்சாங்கன்னா ஆறு மாசப் பூச்சு அன்னைக்கே பெருமளவு போயிரும். "தம்பி, மேல சும்மா ஷாம்பு மட்டும் போடுங்க, தொடைக்க என் துணிய பாவிங்க"ன்னு சொன்னா கேப்பாங்க.

தொட்டுப் பாக்கிறது, களிமண் போடுறது

கழுவிக் காஞ்சதும் கையில ஒரு ஷொப்பிங் பேக்க மாட்டிக்கிட்டு பொனட்ட மெதுவா தடவிப் பாருங்க. வெறும் கையில தெரியாத சொரசொரப்பு அப்பத் தெரியும். நமக்கு இதுல பெரும் பங்கு பிரேக் தூள். ரம்பொடை இறக்கம், கினிகத்தேனையில இருந்து கித்துல்கல இறக்கம், இதுல எல்லாம் பிரேக்க மிதிச்சு மிதிச்சு எறங்கும்போது இரும்புத்தூள் பறந்து கதவுலயும் பின்பக்கத்துலயும் ஒட்டி ஈரத்துல துருப்பிடிக்கும், வெள்ளைக் கார்ல செம்மஞ்சள் புள்ளியா தெரியும். பெயின்ட் துரு ஏறுதுன்னு பயந்து டிங்கர்கிட்ட ஓட வேணாம், இரும்புத்தூள் போக்குற ஸ்ப்ரே இருக்கு, அடிச்சா ஊதா நிறமா கரைஞ்சு ஓடும், மணம் அழுகுன முட்டை மாதிரி, வெளியில வெச்சுச் செய்ங்க, வெயில்ல காய விடாம கழுவுங்க.

மிச்சத்துக்கு க்ளே பார், பெயின்ட்ல ஒட்டியிருக்கிற அழுக்க இழுத்தெடுக்கிற களிமண் கட்டி. ஷாம்பு தண்ணிய தாராளமா தெளிச்சு, அழுத்தாம, நேர்கோட்டுல இழுங்க, கீழ விழுந்த க்ளேய திரும்ப எடுக்காதீங்க, மண்ணு ஒட்டியிருக்கும். பைனஸ் மரத்துக்கு அடியில நிப்பாட்டிப் பிசின் ஒட்டியிருந்தா ஐசோப்ரோபைல் அல்கஹோல்ல நனைச்ச துணிய ஒரு நிமிஷம் மேல வெச்சுட்டுத் தொடைங்க, சுரண்டாதீங்க.

கட் அண்ட் பொலிஷ் பத்தி

இத நான் கொஞ்சம் விரிவா சொல்லணும். என் முதல் காரை டவுன்ல ஒரு இடத்துல ஒவ்வொரு சித்திரைக்கும் கட் அண்ட் பொலிஷ் பண்ணக் குடுத்தேன், மூணாவது வருஷம் பொனட் விளிம்புல பெயின்ட் போயி கீழ இருந்த பிரைமர் தெரிஞ்சுது. யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல. காரோட மேல் பூச்சு, நிறம் இல்லாத அந்த கிளியர் கோட், பெரும்பாலும் 35ல இருந்து 50 மைக்ரோன் தடிப்புத்தான், ஒரு தலைமயிர் 70 மைக்ரோன் அளவு வரும். கட் பண்றதுன்னா அந்தப் பூச்ச சீவுறது. விளிம்பு, வளைவுல இன்னும் மெல்லிசா இருக்கும். வெக்ஸும் சீலன்ட்டும் போடுறதுக்கு கட் பண்ணித்தான் ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, கீறல் மறையாது, ஆனா பாதுகாப்பு கிடைக்கும். கீறல் ரொம்ப உறுத்துனா கார் ஆயுள்ல ரெண்டு மூணு தடவைதான்னு மனசுல வெச்சுக்கிட்டு, மைக்ரோன் அளக்கிற மெஷின் வெச்சிருக்கிற ஆள்ட்ட குடுங்க. பழைய காருல தேய்க்கும்போது துணியில கார் கலரே ஒட்டுச்சுன்னா அதுல கிளியர் கோட் இல்ல, இன்னும் மெதுவா கையாளணும்.

புதுசா டிங்கர் பண்ணி பெயின்ட் அடிச்ச தகடுன்னா ஒரு மாசமாவது சும்மா விடுங்க, சூடு காட்டாம அடிச்ச பெயின்ட்டுன்னா நம்ம குளிருக்கு ரெண்டு மாசம். உள்ள இருக்கிற கரைப்பான் வெளிய போகணும், அதுக்கு முன்ன மூடுனா பெயின்ட் ஒழுங்கா இறுகாது.

பூசுற நாள்

காலையில பத்து மணிக்கு முன்ன தொடங்காதீங்க. கதவு இடுக்கு, பெட்ரோல் மூடி, கண்ணாடி ரப்பர் இதுக்குள்ள எல்லாம் பனித்தண்ணி நிக்கும், கதவு, பூட் எல்லாத்தையும் தொறந்து வெச்சு தொடைச்சு காய விடுங்க. நிழல்ல நிப்பாட்டுங்க, தகட்டுல உள்ளங்கைய வெச்சா சுடவும் கூடாது, ஐஸ் மாதிரி குளிரவும் கூடாது. ஒருக்கா கோட்டகலையில மத்தியானம் ரெண்டு மணிக்கு சீலன்ட் பூசத் தொடங்கி, பாதி கூரை முடிய முன்னுக்கு மூட்டம் வந்து மூடிருச்சு, பூசுனது எல்லாம் பசை மாதிரி இழுபட்டு, அடுத்த நாள் அதத் தொடைச்சு எடுக்கவே பாதி நாள் போச்சு. அதுல இருந்து பன்னிரண்டரைக்குள்ள கடைசி துணி போடுற மாதிரிதான் திட்டம் போடுறேன்.

ஐசோப்ரோபைல் அல்கஹோல் ஒரு பங்குக்கு தண்ணி நாலு பங்கு கலந்து தகட்ட ஒருக்கா தொடைங்க, எண்ணெய்ப்பசை இருந்தா சீலன்ட் பிடிக்காது. பாமசியில ஸ்பிரிட்ன்னு மட்டும் கேக்காதீங்க, சிலதுல எண்ணெய் கலந்திருக்கும், பேர் சொல்லிக் கேளுங்க. கறுப்பு பிளாஸ்டிக் பம்பர், கதவுப் பட்டி இதுக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, வெக்ஸ் பட்டா வெள்ளையா நின்னு போகாது, எவரி வேன் வெச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும்.

அப்புறம் பூசுறது. ஸ்பொஞ்ச லேசா ஈரமாக்கி நல்லா பிழிஞ்சு, டின்ல ஒரு சுத்து சுத்தி எடுங்க, அது அரை பொனட்டுக்குப் போதும். சின்ன காருக்கு மொத்தமே 10, 15 கிராம்தான் போகணும், தடிப்பா பூசுனா கூட நாள் நிக்கும்கிறது பொய், பெயின்ட்ட தொடுற படலம்தான் ஒட்டும், மிச்சம் எல்லாம் தொடைக்கும்போது துணிக்குப் போயிரும், கையும் நோகும். மங்கலா ஒரு புகை மாதிரி தெரிஞ்சா சரி. ஒரு தகடு முடிச்சு விரலால ஒரு கோடு இழுங்க, கோடு சுத்தமா பளிச்சுன்னு வந்தா தொடைக்கலாம், இழுபட்டா இன்னும் பொறுங்க. கொழும்புல பத்து நிமிஷம்னா நமக்கு இருபது முப்பது நிமிஷம் ஆகும், டின்ல எழுதியிருக்கிற நேரத்த நம்பாம விரல நம்புங்க.

தொடைக்க மைக்ரோபைபர் துணி கொறஞ்சது மூணு வேணும். பழைய பெனியன், துவாய் வேணாம். அந்தத் துணிகள தனியா கழுவுங்க, உடுப்ப மென்மையாக்குற திரவம் போடாதீங்க, வேலி மேல, தேயிலச் செடி மேல காயப் போடாதீங்க, சின்னச் சின்ன குச்சி, சருகு ஒட்டிக்கிட்டு அடுத்த தடவ அதுவே கீறும். முன் கண்ணாடிக்கு இந்த சீலன்ட்ட பூசாதீங்க, வைப்பர் துடிச்சு துடிச்சு ஓடும், மூட்டத்துல எதிர் லைட் வந்தா கண்ணே தெரியாது. அதுக்கு தனியா கண்ணாடி பூச்சு விக்கிறாங்க.

அன்னைக்கு ராத்திரி

இங்கதான் நிறையப் பேர் கோட்ட விடுறாங்க. ஆறு மணிக்கே பனி எறங்கத் தொடங்கிரும், நீங்க பன்னிரண்டரைக்கு முடிச்சா கையில இருக்கிறது அஞ்சரை மணித்தியாலம். கராஜ் இல்லாட்டி அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தெரிஞ்சவங்க கராஜையோ கடைக் கொட்டகையையோ கேட்டு வைங்க, நான் ஒவ்வொரு வருஷமும் எங்க மாமா வீட்டு மரக்கறி ஏத்துற லொறிய ஒரு நாள் வெளிய எடுக்க வெச்சுத்தான் செய்றேன். கார் கவர் போட்டு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, உள்ள ஈரம் கோக்கும், காத்துக்கு கவர் ஆடி ஆடி புதுப் பூச்ச உரசும்.

ரெண்டாவது பூச்சு போட விரும்பினா அடுத்த நாள் போடுங்க, விட்டுப்போன இடத்த மூடும், அதுக்குத்தான் அது. கறுப்புக் காருக்கு கார்னௌபா ஆழமும் வேணும்னா சீலன்ட் இறுகுனதுக்கு அப்புறம் மேல பூசலாம். கீழ கார்னௌபா மேல சீலன்ட்டுன்னு மாத்திப் போட்டா சீலன்ட் பெயின்ட்ட தொடவே தொடாது.

பிறகு பாத்துக்கிறது

காக்கா எச்சத்த விட்டு வைக்காதீங்க, அதுல இருக்கிற அமிலம் சீலன்ட்டையும் தாண்டி கிளியர் கோட்ட அரிக்கும், ஈரத்துணிய மேல போட்டு ஊற வெச்சு அள்ளி எடுங்க, தேய்க்காதீங்க. காலையில பனித்தண்ணியோட நிக்கிற கார வெயில் வர முன்னுக்கு மைக்ரோபைபரால ஒத்தி எடுத்தா தண்ணிக்கறை பாதியா குறையும், ஆனா கார் சுத்தமா இருக்கிற நாள்ல மட்டும், சேறு இருந்தா தொடவே கூடாது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கழுவி முடிச்ச கையோட ஸ்ப்ரே சீலன்ட் ஒன்னு அடிச்சுத் தொடைச்சா அடிப் பூச்சு இன்னும் நாள் போகும்.

முடிஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்? தண்ணி முத்து முத்தா நிக்கலன்னு உடனே முடிவுக்கு வராதீங்க, அழுக்குப் படிஞ்சிருந்தாலும் முத்து வராது. ஷாம்பு போட்டு ஒழுங்கா கழுவிட்டு தண்ணிய ஊத்திப் பாருங்க, அப்பவும் தட்டையா விரிஞ்சு நகராம நின்னா பூச்சு போயிருச்சு. முதல்ல கூரையும் பொனட்டும்தான் போகும், முழுக் காரையும் செய்ய நேரம் இல்லாட்டி அந்த ரெண்டையும் மட்டும் பூசுங்க. டின் மூடிய இறுக்கி வெயில் படாத இடத்துல வைங்க, மூடி மேல பூசுன தேதிய எழுதி ஒட்டி வெச்சா அடுத்த கணக்கு சுலபம், என் டின்ல கடைசியா எழுதியிருக்கிறது பெப்ரவரி 9, இனி ஆகஸ்ட்ல மழ ரெண்டு நாள் விட்டாலும் கூரைக்கு ஒருக்கா போட்டுருவேன்.